விளையாட்டும் அரசாங்கப் பொருளும்

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் உவகை பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கனை எண்ணுமிடத்து விளையாட்டினையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். புகழ் எனப் பொருள்படும் இசைமையையோ பெருமிதம் என்னும் வேறொரு மெய்ப்பாட்டின் பாற்படுத்தனர். இப்பாகுபாடு வகுப்பில் நாம் ஓதிக் கடந்து செல்லும் ஒரு செய்தியே யாயினும், இந்நாளில் அரசாங்கத்தார் விளையாட்டின்பொருட்டுச் செலவிடும் பொருளைப்பற்றிச் சிந்திக்கப் புகுவார்க்கு நல்லதோர் அளவுகோலாகின்றது. ஊர்ச் சிறுவர் மாலைப்பொழுதில் மந்தைவெளியிற் பந்தடித்தல் உவகையின் பாற்பட்டது. ஒலிம்பிக் பந்தயத்தில் ஒருவர் பதக்கம் பெற நாடு தலைநிமிர்தல் பெருமிதத்தின் பாற்பட்டது. இரண்டும் வேண்டற்பாலனவே. ஆயினும் பொதுமக்கள் இறுத்த வரிப்பொருளில் முதற்பங்கு எதற்கு உரியது என்பதே வினா. உவகைக்கே அஃது உரியதென்பதும், உவகையை முன்வைத்த நாட்டிற்கே பெருமிதமும் நெடுநாள் நிலைக்குமென்பதும் நம் துணிபு.

பெருமிதத்தை முன்வைத்துப் பொருளீந்த நாடுகளுள் பிரிட்டன் தலைசிறந்தது. 1996-இல் அட்லாண்டா நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் அந்நாடு ஒரே ஒரு தங்கப்பதக்கம் பெற்றுப் பதக்கவரிசையில் 36-ஆம் இடத்தில் நின்றது. அவ்விழிவு பொறாத அந்நாட்டார், 1994 முதல் நடந்துவந்த தேசியப் பரிசுச்சீட்டின் வருவாயில் ஒரு பகுதியை 1997 முதல் உயர்நிலை வீரர்க்கென ஒதுக்கினர். ஒதுக்கிய முறை கடுமையானது: பதக்கம் வருமென்று நம்பத்தக்க விளையாட்டிற்குப் பொருள் மிகுதியாக வழங்கப்படும், ஏனையவற்றிற்குக் குறையும், அல்லது அறவே நிற்கும். முறை பலித்தது. 2000-இல் 11 தங்கம், 2008-இல் 19, இலண்டன் மாநகரிலேயே பந்தயம் நடந்த 2012-இல் 29, 2016-இல் ரியோ நகரில் அமெரிக்காவிற்கு அடுத்த இடம். பொருள் கொடுத்துப் பதக்கம் வாங்கலாகும் என்பதனை உலகம் கண்ணாரக் கண்டது.

ஆனால் அப்பதக்கங்கட்கு வேறு விலையும் இருந்தது. ரியோவில் இறகுப்பந்தாட்டத்தில் அந்நாட்டு இணையர் வெண்கலம் பெற்றுவந்தும், அவ்வாண்டு திசம்பரிலேயே அவ்விளையாட்டிற்குரிய உயர்நிலை உதவிப்பொருள் முழுதும் நிறுத்தப்படும் என்று அறிவித்தனர். நகரங்களின் வறிய பகுதிகளில் இளைஞர் திரள்திரளாக ஆடும் கூடைப்பந்தாட்டமும், பதக்கம் தாராத காரணத்தால், இலண்டன் பந்தயத்தின் பின் அதே கதியை அடைந்தது. இதனினும் நம்மை வியப்பிலாழ்த்தும் செய்தி ஒன்று உளது. இலண்டன் பந்தயத்திற்கு இரண்டாண்டே எஞ்சியிருந்த 2010 அக்டோபரில், பள்ளிகளிடை விளையாட்டை வளர்த்துவந்த ஏற்பாட்டிற்குரிய 16 கோடியே 20 லட்சம் பவுன் தொகையை நிறுத்துவதாக அந்நாட்டுக் கல்வியமைச்சர் அறிவித்தார். எதிர்ப்பு மூண்டபின் அதில் ஒரு பகுதியே மீண்டது. ஒலிம்பிக் பந்தயத்தைக் காணும் இளந்தலைமுறை விளையாட்டுக்களம் புகும் என்பதன்றோ அப்பந்தயத்தை வேண்டிப் பெற்ற காலத்து அவர்கள் கூறிய காரணம்? அந்நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையோ, பந்தயத்தை அடுத்த மூன்றாண்டுகளில் வாரம் ஒருமுறையேனும் விளையாடும் வயதுவந்தோர் விகிதம் குறைந்தது என்று கூறுகின்றது. நாற்காலியில் அமர்ந்து கண்டோர் கண்டு களித்து, அந்நாற்காலியிலேயே அமர்ந்திருந்தனர் போலும்.

இனி, நார்வே நாட்டை நோக்குவோம். அது பனிநாடு, நம் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் கொண்ட மக்கட்டொகையினும் குறைந்த, ஏறத்தாழ 55 லட்சம் மக்களையே உடையது. அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு 1987-இல் சிறுவர் விளையாட்டிற்கெனச் சில விதிகளை வகுத்தது. பின்னர் 2007-இல் அவை குழந்தைகளின் உரிமைகள் என்னும் வடிவிற் புதுப்பிக்கப்பட்டன. பதினொரு வயது நிரம்பாக் குழந்தைகளின் போட்டிகளில் வென்றார் தோற்றார் வரிசை வெளியிடலாகாது. பதின்மூன்று வயதிற்குமுன் தேசியப் பட்டத்திற்கான போட்டியில் இறக்கலாகாது. எதனை எவ்வளவு விளையாடுவதென்பதில் குழந்தையின் விருப்பமும் கேட்கப்படல் வேண்டும். இவை அவற்றுட் சில. நாட்டின் பரிசுச்சீட்டு நிறுவனத்து உபரியில் பெரும்பகுதி விளையாட்டிற்கே செல்ல, அதனால் ஊர்தோறும் களங்களும் கூடங்களும் எழுகின்றன. இவ்வளவு மென்மையாக வளர்க்கப்பட்ட மக்கள் போட்டியிற் சோர்வரென்றே நாமும் கருதியிருப்போம். 2022-இல் பெய்ஜிங் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்தில் அந்நாடு 16 தங்கம் பெற்று, அதுவரை எந்நாடும் ஒரு குளிர்காலப் பந்தயத்திற் பெறாத தொகையை எட்டியது. பனியும் செல்வமும் அவர்கட்கு உள்ளன, நமக்கு இல்லை என்பது மெய்யே. ஆயினும் எல்லாரும் விளையாடும் நாட்டில் வல்லார் தாமே மேலெழுவர் என்பதற்குப் பனி வேண்டுவதில்லை.

நம் நாட்டு நிலை யாது? அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் விளையாட்டு மாகாணங்கட்குரிய பட்டியலில், நாடகம் திரைப்படம் என்பனவற்றோடு 33-ஆம் இனமாக வைக்கப்பட்டுள்ளது. கேளிக்கையின் இனமாக அதனைக் கருதினார் போலும். கல்வியின் பக்கத்தில் வைத்திருப்பின் நன்றாயிருந்திருக்கும். மத்திய அரசாங்கமும் இத்துறையிற் பொருள் செலவிட்டே வருகின்றது. 2025-26-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இளைஞர் நலமும் விளையாட்டும் சேர்ந்த அமைச்சகத்திற்கு ஏறத்தாழ ரூ. 3,794 கோடி ஒதுக்கப்பட்டது. பேரெண்ணாகத் தோன்றும் இது, மொத்தச் செலவாகிய ரூ. 50 லட்சம் கோடியோடு ஒப்பிட, நூறு ரூபாயில் எட்டுக் காசும் ஆகவில்லை. அதனுள் ‘கேலோ இந்தியா’ என்னும் திட்டத்திற்கு ரூ. 1,000 கோடி.

இத்திட்டம் அடித்தளத்திற்கென்றே ஏற்பட்டதென்பர். 2017-இல் இதனை விரித்தமைத்தபோது கூறிய பன்னிரு கூறுகளுள் ஆடுகளம் அமைத்தலும், ஊரார்க்குப் பயிற்சியளித்தலும், பள்ளிச் சிறாரின் உடல்நலமும் இருந்தன. ஆயினும் நாடறிந்த கூறுகள் இரண்டே: ஆண்டுதோறும் நிகழும் பெரும் போட்டிகள் ஒன்று, ஆண்டிற்கு ஆயிரம் இளைஞரைத் தெரிந்தெடுத்து ஒவ்வொருவர்க்கும் ஆண்டிற்கு ரூ. 5 லட்சம் வீதம் எட்டாண்டு அளிக்கும் உதவி மற்றொன்று. ஆயிரவர் பெறும் உதவியை நாம் குறைகூறவில்லை. ஆனால் இலட்சக்கணக்கான பள்ளிகளுள்ள நாட்டில் ஆயிரவரைத் தெரிந்தெடுத்தல் அடித்தளம் இடுதலன்று. அடித்தளம் ஏற்கெனவே எங்கோ, யாராலோ இடப்பட்டிருக்கின்றது என்று நம்பி, அதன்மேல் மாடம் கட்டுதல். 2024 சனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் இத்திட்டத்தின் இளையோர் போட்டிகள் நடந்து, நம் மாகாணம் 98 பதக்கங்களுடன் இரண்டாமிடம் பெற்றது. நாமும் மகிழ்ந்தோம். அப்போட்டிகளால் அந்நான்கு நகரங்கட்கும் அப்பாலுள்ள ஒரு சிற்றூர்க்கு ஒரு சாண் ஆடுகளம் கூடிற்றா என்று வினாவுவார் அன்றைக்கு எவருமிலர்.

ஊராட்சிதோறும் களம் அமைக்கும் எண்ணம் ஒருகால் அரசாங்கத்திற்கு இருந்ததுண்டு. 2008-இல் மத்திய அரசாங்கத்தார் தொடங்கிய ஊராட்சி இளைஞர் விளையாட்டுத் திட்டம், பத்தாண்டிற்குள் இந்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் அடிப்படை விளையாட்டு வசதி செய்வதாகக் கூறிற்று. ஊராட்சி ஒன்றிற்கு அது தரும் முதலீட்டுத் தொகை ஒருமுறைக்கு ரூ. 1 லட்சம். அப்பத்தாண்டு முடியுமுன்னரே அத்திட்டம் 2014-இல் வேறொரு திட்டத்துட் கரைந்தது. அதே காலத்தில், 2010-இல், தில்லியில் காமன்வெல்த் பந்தயம் நடந்ததும், இந்தியா 101 பதக்கங்கள் பெற்றதும், செலவின் சீர்கேட்டைக் கணக்காய்வுத் தலைவர் அடுத்த ஆண்டே எடுத்துக்காட்டியதும் யாவரும் அறிந்தன. இப்பொழுது 2030-ஆம் ஆண்டின் காமன்வெல்த் பந்தயம் அகமதாபாத்தில் நடைபெறுமென 2025 நவம்பரில் முடிவாகியிருக்கின்றது. 2036-இன் ஒலிம்பிக் பந்தயத்தை நடத்தும் விருப்பத்தையும் இந்தியா 2024-இல் எழுதித் தெரிவித்துள்ளது. எனவே, பெரும்பொருள் பெருகி ஓடப்போகும் காலம் இது. வாய்க்கால் எத்திசையில் வெட்டப்படல் வேண்டுமென்று இன்று பேசாது, நீர் பாய்ந்தபின் பேசுதல் பயனின்று.

மதுரையைச் சார்ந்த சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணியின் வரலாறு இங்குச் சிறிது விரிவாகச் சொல்லத்தக்கது. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்ட அவர், பள்ளிப் பருவத்தில் வட்டாரப் போட்டி யொன்றிற் காலணியின்றி ஓடினார். அங்கு நின்ற கண்ணன் என்னும் பயிற்சியாளர் அவ்வோட்டத்தைக் கண்ணுற்றார். தயங்கிய பாட்டியை இணங்குவித்தார். மதுரை லேடி டோக் கல்லூரியிற் சேர்த்து, அரசு விளையாட்டு விடுதியில் இடமும் பெற்றுத் தந்தார். பின்னரே பாட்டியாலாவின் தேசிய முகாமும், 2021-இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் இருபாலார் கலந்த நானூறு மீட்டர்த் தொடரோட்டமும் வந்தன. அவ்வரிசையை ஒருமுறை எண்ணுக: வட்டாரப் போட்டி, பள்ளிக்கு வரும் பயிற்சியாளர், கல்லூரி, விடுதி, அதன்பின் தேசிய முகாம். முதல் நான்கனுள் ஒன்று இல்லையாயின் ஐந்தாவது இல்லை. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோவின் மாற்றுத்திறனாளர் பந்தயத்தில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் பெற்றார். ஒரு கால் ஊனமுற்ற அச்சிறுவனை முதன்முதல் உயரம் தாண்டச் சொன்னவரும் அவர் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரே யாவர்.

அவ்வாசிரியர் இனத்தைப்பற்றி நம் போன்ற கல்லூரியினர் பேசுதல் தகும். வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் இங்கு உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்தார். அவர் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரிற் பயின்றவர். கூடைப்பந்தாட்டம் 1891-இற் பிறந்ததும் அந்நகரத்துச் சங்கப் பயிற்சிப் பள்ளியிலேதான். 1924-இல் இந்திய வீரர் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்றபோது உடன்சென்று பயிற்றியவரும் அவரே. ஒலிம்பிக் வீரர்க்குப் பயிற்சி தரவல்ல ஒருவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளிகட்கு ஆசிரியரை ஆக்குவதிலே செலவிட்டனர். தென்மாவட்டங்களிற் பல ஊர்களிற் கோயிலின் பக்கத்திலும் பள்ளியின் பின்புறத்திலும் இன்றும் கைப்பந்து வலை கட்டப்பட்டிருத்தலை நம்மிற் பலர் அறிவோம். அவ்வலைகட்கும் அக்கல்லூரிக்கும் தொடர்பு இன்றன்று.

ஆயினும் இன்று உடற்பயிற்சி ஆசிரியர் நிலை இரங்கத்தக்கது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆடுகளம் வேண்டுமென்று விதிக்கின்றது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புக்களில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் இருப்பின், உடற்பயிற்சிக்குப் பகுதிநேர ஆசிரியரேனும் வேண்டுமென்கின்றது. நூற்றுக்குக் குறைந்த பள்ளியின் குழந்தைகட்கு உடம்பு இல்லை என்பது சட்டஞ்செய்தார் கருத்தன்று. ஆனால் விளைவு அதுவே. ஆசிரியர் உள்ள பள்ளியிலும், தேர்வு நெருங்கின் முதலிற் பலியாவது விளையாட்டு வேளை. கணக்காசிரியர் அதனைக் கடன் வாங்குவார். அக்கடன் திருப்பப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இனி, மறுப்பார் கூற்றையும் கேட்போம். ஒருவர் வென்றால் ஆயிரவர் ஊக்கம் பெறுவர். ஆதலின் வல்லாரைப் போற்றுதலே யாவரையும் போற்றுதல் என்பர். அதற்கு ஆனந்தர் முதற் குகேசர் ஈறாகச் சென்னைச் சதுரங்க வீரரைச் சான்று காட்டுவர். 2024 திசம்பரிற் பதினெட்டாம் வயதில் உலகப் பட்டம் வென்ற குகேசரைக் கண்டு எத்துணைச் சிறுவர் பலகைமுன் அமர்ந்தனர் என்பதை நாமும் அறிவோம். ஆனால் அச்சான்று நம் பக்கமே பேசுகின்றது. சதுரங்கத்திற்கு வேண்டுவது ஒரு பலகையும் ஒரு மேசையும். ஊக்கம் பெற்ற சிறுவன் அன்று மாலையே ஆடத் தொடங்கலாம். ஆனந்தர் தாமும் சென்னையில் சோவியத்துப் பண்பாட்டு நிலையத்திலிருந்த டால் சதுரங்கக் கழகத்தில் ஆடிப் பழகியவர் அன்றோ? நீரஜ் சோப்ரா ஈட்டியெறிந்து 2021-இல் தங்கம் பெற்றதைக் கண்டு ஊக்கம் கொண்ட சிறுவன் எங்குச் சென்று எறிவான்? ஈட்டி போகட்டும், எறிதற்கு வெளி எங்கே? ஊக்கம் விதை போன்றது. அது விழும் நிலத்தைப்பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை ஞாயிறு பள்ளியிலேயே நாம் கற்றுளோம்.

பரிசுத்தொகையைப்பற்றியும் ஒரு சொல். ஒலிம்பிக் தங்கம் பெறும் நம் மாகாணத்தார்க்கு ரூ. 3 கோடியும், வெள்ளிக்கு 2 கோடியும், வெண்கலத்திற்கு ஒரு கோடியும் அளிக்கப்படுமென மாகாண அரசாங்கத்தார் 2021-இல் அறிவித்தனர். வறுமையினின்று எழுந்து வந்த வீரர்க்கு அஃது ஒரு வாழ்வு. அதனை யாம் பொறாமையுறவில்லை. ஆயினும் மாதம் ஐம்பதினாயிரம் ஊதியம் என்று வைத்துக்கொண்டால், ரூ. 3 கோடி ஐம்பது உடற்பயிற்சி ஆசிரியர்க்கு ஓராண்டு ஊதியமாகும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று. வென்றபின் வரும் பரிசு வென்றார்க்கே உதவும். வெல்லுமுன் வரும் ஆசிரியரோ வெல்லாதார்க்கும் உதவுவர். அந்த வெல்லாதாரே நாட்டிற் பலர். பவுலடிகள் ஓட்டப்பந்தயத்தை உவமை கூறியபோது பரிசு பெறுவானை மட்டும் நினைத்தாரல்லர்; ஓடுவார் அனைவரையும் நினைத்தே எழுதினார்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்திய மகளிர் கபடிக் குழு தங்கம் வென்றது. அக்குழுவில் ஆடியவர் சென்னைக் கண்ணகி நகர்க் கார்த்திகா. கண்ணகி நகர், மாநகரின் நடுவிலிருந்த குடிசைகளினின்றும் பெயர்க்கப்பட்ட மக்கள் குடியேற்றப்பட்ட இடம். அரசாங்கத்தார் அவர்க்கு ரூ. 25 லட்சம் அளித்துச் சிறப்பித்தனர். அவரோ தமக்கென்று கேட்டதோடு நில்லாது, தம் பகுதியிற் பயில்வார்க்கு நல்லதோர் ஆடுகூடம் வேண்டுமென்றே கேட்டனர். வென்ற ஒருவரே வெல்லுமுன் வேண்டுவது இன்னதென்று சொல்லும்போது, நம் கட்டுரைக்கு அதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. பெண்மக்கட்கு இது பின்னும் பொருந்தும். ஆண்மகன் ஐந்து கல் தொலைவு மிதிவண்டியிற் சென்று ஆடி இருட்டியபின் திரும்புவான். அவன் தங்கைக்கு வீட்டருகே களம் இல்லையாயின் விளையாட்டே இல்லை. பந்தும் கழங்கும் ஆடிய மகளிரைச் சங்கநூல்களிற் கற்றுப் போற்றும் நாம், நம் தெருவின் மகளிர் எங்கு ஆடுகின்றனர் என்று பார்த்தல் வேண்டும்.

மாகாண அரசாங்கத்தார் செய்யும் நன்மையையும் மறைத்தல் முறையன்று. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகட்கும் விளையாட்டுக் கருவிகள் வழங்கும் திட்டத்தை அவர்கள் 2024-இற் தொடங்கினர். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிற் பள்ளி கல்லூரி மாணவரேயன்றிப் பொதுமக்களும் மாற்றுத்திறனாளரும் ஆட இடந்தந்தனர். நல்ல தொடக்கம். ஆனால் பந்து வந்தபின் களம் எங்கே என்று கேட்கும் ஊர்கள் பல. ஊர்ப் புறம்போக்கில் நீர்த்தொட்டி எழும், அங்கன்வாடி எழும், பேருந்து நிற்கும். இவை யாவும் வேண்டுவனவே யாதலின் எவரும் தடுப்பதில்லை. ஆடுகளம் மட்டும் ஆவணத்தில் ஆடுகளமென்று எழுதப்படாமையால், காலியிடம் என்னும் பெயரோடு நாளடைவில் மறைகின்றது. ஆதலின் நாம் முதற்கண் வேண்டுவது பொருளுமன்று. ஊராட்சிதோறும் ஒரு நிலத்தை ஆடுகளமென்று அளந்து பதிவுசெய்தலே. அடுத்து, நடுநிலைப்பள்ளிதோறும், மாணவர்தொகை நோக்காது, ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். மூன்றாவதாகவே வட்டாரப் போட்டியும் விடுதியும். இம்மூன்றும் நிரம்பியபின் எஞ்சும் பொருளனைத்தையும் ஒலிம்பிக் வீரர்க்கு வாரி வழங்கினும் நாம் வாய்திறவோம்.

அரசாங்கத்தை நோக்கிக் கைநீட்டும் நாம் நம் கையில் உள்ளதையும் நோக்கற்பாலோம். மிஷன் பள்ளி கல்லூரிகளுக்குரிய களங்கள் பல ஊர்களில் அவ்வூரின் மிகப் பரந்த வெளிகள். மாலை ஆறு மணிக்கு வாயில் அடைபட, மதிலுக்கு வெளியே தெருவில் வண்டிகட்கு ஒதுங்கியொதுங்கிச் சிறுவர் மட்டையடிக்கின்றனர். காவலும் ஒழுங்கும் வேண்டுமென்பது உண்மையே. வாரத்தில் இரண்டு மாலை, மூத்த மாணவர் மேற்பார்வையில், அண்டை அயலார்க்குத் திறந்துவிடுதல் இயலாததன்று. நம் உடற்பயிற்சித்துறையார் இதனை ஆராய்வாராக. பழைய மாணவர்களாகிய பெரியோர்களோ இன்று பல ஊர்களிலும் ஆசிரியராயும் அலுவலராயும் சொற்செல்லும் நிலையில் இருக்கின்றீர்கள். கிராம சபை சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள் கூடுகின்றது. குடிநீரும் சாலையும் அங்குப் பேசப்படும். ஊர் ஆடுகளத்தின் அளவெண் யாது, அஃது எவர் பெயரில் உள்ளது என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்டு, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவியுங்கள்.